நம் பேச்சுக்குச் சமூக ஊடக நிறுவனங்கள் காவல் இருக்கலாமா?

#1 எழுத்தாணி

சென்ற மாதம் ஓர் இளம் பாடகரின் காணொளிக்குக் கீழே "கொன்னுட்டான்யா!" என்று ஒற்றைச் சொல்லைப் பின்னூட்டமாக எழுதினேன். அவர் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்திய இடத்தில் எனக்கு உண்மையிலேயே மூச்சு நின்றுவிட்டது; அதனால் எழுதியது. மறுநாள் காலையில் பார்த்தால் என் கணக்கு ஏழு நாட்களுக்கு முடக்கப்பட்டிருந்தது. "வன்முறையைத் தூண்டுதல் அல்லது போற்றுதல்" என்ற ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில், காரணமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. மறுபரிசீலனை கோரும் பொத்தானை அழுத்தினேன். நான்கே நிமிடங்களில் "மீண்டும் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை" என்று பதில் வந்துவிட்டது. தமிழ் தெரிந்த மனிதர் எவரும் அதைப் படித்திருக்க முடியாது என்பது என் துணிபு; படித்திருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்.

என் ஏழு நாள் மௌனத்தால் உலகுக்கு நட்டம் ஒன்றுமில்லை. சிலர் நிம்மதியாக இருந்திருக்கவும் கூடும். ஆனால் இதே பொத்தான் பெரிய இடங்களிலும் அழுத்தப்பட்டிருக்கிறது. வியட்நாம் போரில் நாபாம் குண்டுவீச்சில் உடையெல்லாம் எரிந்துபோய், வெந்த உடலோடு அலறிக்கொண்டு சாலையில் ஓடிவரும் ஒன்பது வயதுச் சிறுமியின் 1972ஆம் ஆண்டுப் புகைப்படத்தை, 2016இல் நார்வே எழுத்தாளர் ஒருவர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தபோது, நிர்வாணப் படம் என்று கூறி அது நீக்கப்பட்டது. ஆஃப்டன்போஸ்டன் நாளிதழ் பகிர்ந்தது, அதுவும் போயிற்று. நாட்டின் பிரதமர் எர்னா சூல்பர்க் பகிர்ந்தார், அதுவும் போயிற்று. பல நாடுகளிலிருந்து கண்டனம் எழுந்த பிறகே நிறுவனம் இறங்கிவந்து படத்தை அனுமதித்தது. பிரதமருக்காவது குரல் கொடுக்க உலகம் இருந்தது.

இன்னொரு பக்கம், இந்தக் காவலில் எல்லோருக்கும் ஒரே வரிசை இல்லை என்பதும் வெளியே வந்துவிட்டது. புகழ்பெற்றவர்களின் பதிவுகளை வழக்கமான நடவடிக்கைக்கு உட்படுத்தாமல் தனியாக எடுத்துவைத்துப் பார்க்கும் ஏற்பாடு ஃபேஸ்புக்கில் இருந்ததை 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்டது.

ஆகவே நான் முன்வைப்பது இதுதான். எந்தப் பேச்சு சட்டத்துக்குப் புறம்பானது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அப்படிச் சொல்லப்பட்டதை மட்டும் நிறுவனங்கள் நீக்கட்டும். மற்ற எதிலும் அவை கைவைக்கக் கூடாது. உடன்படாதவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

#2 முகிலினி

எழுத்தாணி அவர்களின் ஏழு நாட்களுக்காக வருந்துகிறேன். ஆனால் அவர் கேட்கும் "கைவைக்காத" ஏற்பாடு எப்படியிருக்கும் என்பதை மியன்மார் மக்கள் ஏற்கனவே பார்த்துவிட்டார்கள்.

அந்நாட்டில் கைப்பேசி மலிந்த சில ஆண்டுகளிலேயே, இணையம் என்றால் ஃபேஸ்புக், ஃபேஸ்புக் என்றால் இணையம் என்ற நிலை உருவாயிற்று. ரோஹிங்கியா மக்களை நாய்கள் என்றும் புழுக்கள் என்றும் எழுதிய பதிவுகள் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தன. 2015இன் தொடக்கத்தில் அத்தகைய பதிவுகளைப் பரிசீலித்தவர்களில் பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புலனாய்வு கூறுகிறது. மியன்மாரில் கண்ணில் படும் அம்மக்கள் அனைவரையும் கொல்லுங்கள் என்று இழிசொல்லோடு பர்மிய மொழியில் எழுதப்பட்ட ஒரு பதிவைத் தளத்தின் மொழிபெயர்ப்புக் கருவி "மியன்மாரில் எனக்கு வானவில் இருக்கக் கூடாது" என்று ஆங்கிலத்தில் காட்டியதையும் அதே புலனாய்வுதான் வெளிக்கொணர்ந்தது. உங்கள் "கொன்னுட்டான்" கொலையாகத் தெரிந்தது; அங்கே கொலை வானவில்லாகத் தெரிந்தது.

இதில் எழுத்துருச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. அங்கே பெரும்பாலான கைப்பேசிகள் யூனிகோடுக்குப் பதில் ஸோஜி என்ற தனிக் குறியாக்கத்தைப் பயன்படுத்தியதால், கணினியால் அந்த எழுத்துகளை ஒழுங்காகப் படிக்கவே முடியவில்லை. பாமினியிலும் திஸ்கியிலும் தட்டெழுதி, யூனிகோடுக்கு மாறியவுடன் பழைய கோப்புகளெல்லாம் கிறுக்கலாகத் தெரியக் கண்டு திகைத்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2017 ஆகஸ்டுக்குப் பிறகு இராணுவத் தாக்குதலுக்குத் தப்பி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்கு ஓடினர். வெறுப்பைப் பரப்புவோருக்கு ஃபேஸ்புக் பயனுள்ள கருவியாக இருந்தது என்று ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 2018இல் சொன்னது. போதிய அளவு செயல்படவில்லை என்று அந்நிறுவனமும் அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் இராணுவத் தளபதி மின் ஆங் லைங் உட்படப் பலரின் கணக்குகளையும் பக்கங்களையும் நீக்கினார்கள். அவற்றைப் பின்தொடர்ந்தவர்கள் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர்.

நீதிமன்றம் சொல்லட்டும் என்கிறீர்கள். வெறுப்பைப் பரப்பியதே நாட்டின் இராணுவமாக இருக்கும்போது, எந்த நீதிமன்றத்தில் யார் போய் ஆணை வாங்குவது?

#3 நெறிமுறை

சட்டத் துறையில் இருப்பவன் என்பதால் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன். இவை விளங்காமல் இந்த விவாதத்தை நடத்துவது வீண் என்பது என் அனுபவம்.

"கைவைக்காதே" என்ற கொள்கையை இணையத்தின் தொடக்கக் காலத்திலேயே அமெரிக்க நீதிமன்றங்கள் தம்மை அறியாமல் சோதித்துப் பார்த்துவிட்டன. 1991இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தின் மீது தொடரப்பட்ட அவதூறு வழக்கில், பதிவுகளை அந்நிறுவனம் படித்துப் பார்ப்பதில்லை, ஆகவே புத்தகக் கடைக்காரரைப் போலத்தான் அது, பொறுப்பில்லை என்று தீர்ப்பாயிற்று. 1995இல் பிராடிஜி நிறுவனத்தின் மீது வந்த வழக்கில் நிலைமை தலைகீழ். குடும்பத்தோடு பயன்படுத்தத்தக்க தளமாக வைத்திருக்கிறோம் என்று சொல்லி, கெட்ட சொற்களை வடிகட்டி, பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்களையும் அது அமர்த்தியிருந்தது. அப்படியானால் நீ பத்திரிகை ஆசிரியரைப் போன்றவன், ஆகவே பொறுப்பேற்க வேண்டும் என்று நியூயார்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது, குப்பையைக் கூட்டாதவனுக்கு விடுதலை, கூட்ட முயன்றவனுக்குத் தண்டனை.

இந்தக் கோணலை நிமிர்த்தவே 1996இல் அமெரிக்கத் தகவல்தொடர்புச் சட்டத்தில் 230ஆம் பிரிவு இயற்றப்பட்டது. அதற்கு இரண்டு கைகள் உண்டு. பயனர் எழுதியதற்குத் தளம் பதிப்பாளராகக் கருதப்படாது என்பது ஒன்று. ஆட்சேபத்துக்குரியது என்று கருதுவதை நல்லெண்ணத்தோடு நீக்கினால் அதற்காகவும் தளத்தைப் பொறுப்பாக்க முடியாது என்பது மற்றொன்று. முதல் கையைப் பற்றிப் பேசுவோர் பலர். நம் விவாதம் முழுவதும் இரண்டாம் கையைப் பற்றியது.

அடுத்து, கருத்துரிமை என்பது பெரும்பாலும் அரசுக்கு எதிராக நமக்குள்ள உரிமை. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசைக் கட்டுப்படுத்துகிறதே தவிர நிறுவனத்தை அன்று. தளங்கள் பதிவுகளை நீக்குவதைக் கட்டுப்படுத்த டெக்சாஸ், புளோரிடா மாநிலங்கள் 2021இல் சட்டங்கள் இயற்றியபோது, அவ்வழக்குகளைக் கீழ் நீதிமன்றங்களுக்கே திருப்பியனுப்பிய உச்ச நீதிமன்றம், எதைக் காட்டுவது எதை விடுவது என்று தளம் தொகுப்பதும் தளத்தின் கருத்து வெளிப்பாடுதான் என்று 2024 ஜூலையில் கூறியது. ஆகவே அங்கே எழுத்தாணி வழக்குத் தொடுத்தால், கருத்துரிமை அவருக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும்.

இந்தியாவில் படம் சற்று வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை நீக்கிய உச்ச நீதிமன்றத்தின் 2015 ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு, நீதிமன்ற ஆணையோ அரசின் முறையான அறிவிப்போ வந்த பிறகே தளத்துக்கு நீக்கும் கடமை எழுகிறது என்றது. கவனியுங்கள், அது கடமையைப் பற்றிய பேச்சு. ஆணை இல்லாமல் தானாக நீக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. பேச்சுரிமையை அரசல்லாதோர் மீதும் வலியுறுத்தலாம் என்று 2023 ஜனவரியில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை சொல்லியிருப்பது உண்மை. நிறுவனங்களின் வாசலில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஒவ்வொரு வழக்காகத்தான் தெளிவாகும்.

#4 வரப்பு

இவ்வளவு நீளம் தேவையில்லை என்று நினைக்கிறேன். அது அவர்கள் கட்டிய வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு வா என்றால் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பிடிக்காதவர்கள் வேறு வீட்டுக்குப் போகலாம். காசு கொடுக்காமல் பயன்படுத்தும் இடத்தில் உரிமை பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

#5 எழுத்தாணி

வரப்பு அவர்களே, வீட்டுக்கும் ஊருக்கும் வேறுபாடு உண்டு. அலபாமாவில் ஒரு கப்பல் கட்டும் நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காகத் தெரு, கடை, நடைபாதை எல்லாம் உள்ள ஓர் ஊரையே சொந்தமாக வைத்திருந்தது. அந்த நடைபாதையில் மதத் துண்டறிக்கை கொடுத்த பெண்மணியை அத்துமீறி நுழைந்ததாகத் தண்டித்தார்கள். பொதுமக்கள் புழங்குவதற்குத் திறந்துவிட்ட இடத்தில் சொத்துரிமை மட்டும் பேச முடியாது என்று 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையைத் தள்ளியது. இந்த வாதத்தை இணையத் தளங்களுக்கு நீட்ட நீதிமன்றங்கள் இதுவரை மறுத்தே வந்திருக்கின்றன என்று நெறிமுறை அவர்கள் உடனே சொல்வார், அதை ஏற்கிறேன். ஆனால் காசு கொடுக்கவில்லை என்பதை ஏற்க மாட்டேன். நம் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்றுத்தான் அந்த வீடு எழுந்தது. வேறு வீட்டுக்குப் போகலாம். இருபது ஆண்டு நண்பர்களையும் பெட்டியில் கட்டி எடுத்துப்போக வழியிருந்தால்.

முகிலினி அவர்கள் எழுதியதற்கு என்னிடம் முழு விடை இல்லை. இராணுவமே எதிரியாக இருக்கும் இடத்தில் நீதிமன்றத்தை நம்பச் சொன்னது என் பிழை. இருந்தாலும் பேசுவதையும் பரவுவதையும் பிரித்துப் பார்க்கலாமே என்று தோன்றுகிறது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரின் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், அதில் 17 நிமிடங்களை நேரலையாகக் காட்டினான். நேரலையில் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்று ஃபேஸ்புக் கூறியது. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அது நீக்கிய நகல்கள் 15 லட்சம். அவற்றில் 12 லட்சம் பதிவேறும்போதே தடுக்கப்பட்டவை. தீ எரிந்த இடம் சிறியது, காற்றுதான் பெரியது.

காற்றைக் குறைக்க ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. வதந்திகளால் கும்பல் கொலைகள் நடந்த பிறகு, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் 2018இலும் உலகெங்கும் 2019இலும் வரம்பு வைத்தது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திக்கு 2020இல் அதை ஒன்றாகவே குறைத்தது. யாருடைய ஒரு சொல்லும் நீக்கப்படவில்லை. செய்தியின் உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் படிக்கவும் இல்லை. காவல் என்றால் இப்படி இருக்கட்டுமே.

#6 முகிலினி

முன்னனுப்பும் வரம்பு நல்ல எடுத்துக்காட்டு, ஏற்கிறேன். ஆனால் அது ஒருவகைத் தீங்குக்கு மட்டுமே மருந்து.

என் தோழி ஒருத்தி தன் துறை சார்ந்து, தன் சொந்தப் பெயரில், நான்கு பத்திகள் எழுதினாள். யாரோ ஒருவர் அதைப் படம்பிடித்துத் தம் பின்தொடர்வோரிடம் காட்டினார். அன்றிரவு அவளுக்கு இருநூற்றுச் சொச்சம் பின்னூட்டங்கள் வந்தன. நான் அருகில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். "அம்மணிக்கு எல்லாம் தெரியும் போல." "கல்யாணம் ஆயிற்றா?" "முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது." "வீட்டு முகவரி கிடைக்குமா, பாடம் கேட்க வரலாம்." ஒரு சிரிப்புப் பொம்மை. இன்னொரு சிரிப்புப் பொம்மை. இவற்றில் எதையும் தனியே எடுத்து நீதிபதி முன் வைத்தால், இதில் என்ன குற்றம் என்றுதான் கேட்பார். அவர் கேட்பதும் சரி. முகவரி கேட்டவர்கூட வேடிக்கைக்குக் கேட்டேன் என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் இருநூறும் சேர்ந்து ஒரு பொருள் சொல்கின்றன: எழுதாதே. அவள் அந்த நான்கு பத்திகளையும் அவளே நீக்கிவிட்டாள். அதன் பிறகு எழுதவில்லை.

எழுத்தாணி அவர்களே, உங்களை முடக்கியது நிறுவனம் என்பதால் அது தணிக்கையாகக் கண்ணில் படுகிறது. அவளை முடக்கியது கூட்டம் என்பதால் அது கருத்துச் சுதந்திரமாகக் கணக்கில் ஏறுகிறது. அந்த இரவில் எந்த விதியும் மீறப்படவில்லை, எந்தப் பதிவும் நீக்கப்படவில்லை, ஒரு குரல் மட்டும் குறைந்தது. சட்டம் ஒவ்வொரு சொல்லாகத்தான் பார்க்கும். குவியலைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பது தளம் மட்டுமே. எந்த நொடியில் எத்தனை பேர், எங்கிருந்து, யார் காட்டியதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்பது அதன் கையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டும் கைகட்டி நிற்கச் சொல்வதை நான் நடுநிலை என்று சொல்ல மாட்டேன்.

#7 கணியன்

நான் இத்தகைய வடிகட்டிகளைக் கட்டும் வேலையில் இருப்பவன். "கணினி பார்த்துக்கொள்ளும்" என்று எவராவது எழுதுவதற்கு முன் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன்; எண்கள் வெறும் உதாரணத்துக்கானவை.

ஒரு நாளில் 1 கோடிப் பின்னூட்டங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது 10,000, உண்மையான மிரட்டல். வடிகட்டி நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். நடைமுறையில் இது பேராசை. மிரட்டல்களில் 9,900 பிடிபடும். எஞ்சிய 99,90,000 நல்ல பின்னூட்டங்களில் நூற்றுக்கு ஒன்று தவறாகப் பிடிபடும், அது 99,900. பிடிபட்டவர்களை வரிசையில் நிறுத்தினால் பதினொருவரில் பத்துப் பேர் குற்றமற்றவர்கள். எழுத்தாணி அந்தப் பத்தில் ஒருவர். வடிகட்டியைத் தளர்த்தினால் முகிலினியின் தோழிக்கு வந்தவை போன்றவை இன்னும் அதிகமாக உள்ளே வரும். இரண்டையும் ஒருசேரக் குறைக்கும் திருகாணி எதுவும் எங்களிடம் இல்லை.

ஒருவகைக்கு மட்டும் இந்தச் சங்கடம் குறைவு. குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கும் படங்களைக் கண்டறிய 2009இல் மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ போன்ற முறைகள் படத்தின் பொருளைப் புரிந்துகொள்ள முயல்வதே இல்லை. ஏற்கனவே மனிதர்கள் பார்த்து உறுதிசெய்த படத்தின் கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. பொருளைப் புரிந்துகொள்ள முயலும் இடத்தில்தான் வழுக்கல். சிரியப் போர்க் காணொளிகள் ஆயிரக்கணக்கில் 2017இல் யூடியூபிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றில் பல, கொடுமையைப் பதிவுசெய்தவர்கள் சாட்சியமாக ஏற்றி வைத்தவை. அதே ஆண்டில்தான் லிபியப் படைத்தளபதி ஒருவர் மீது, சமூக ஊடகத்தில் வெளியான காணொளிகளை முக்கியச் சான்றாகக் கொண்டு பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. கொலைகாரனின் விளம்பரமும் சாட்சியின் ஆவணமும் கணினிக்கு ஒரே படம்.

தமிழுக்கு வந்தால் தலைவலி கூடுகிறது. நம்மவர்களில் பலர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறார்கள். அங்கே கொல்லையும் கொள்ளையும் ஒரே எழுத்துக்கூட்டல். "கொள்ளை அழகு" என்பதைத் திருட்டு என்று ஒரு வடிகட்டி ஒருமுறை ஒதுக்கிவைத்தபோது, நாங்கள் அதைச் சுவரில் ஒட்டி வைத்தோம்.

#8 நெறிமுறை

கணியன் அவர்களின் கணக்கைச் சட்டமியற்றுவோர் பலர் படிக்க வேண்டும். ஜெர்மனி 2017இல் இயற்றிய சட்டம், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிப்படையாகச் சட்டவிரோதமானவற்றை நீக்கச் சொன்னது. தவறினால் 5 கோடி யூரோ வரை அபராதம். நல்ல பதிவைத் தவறாக நீக்கியதற்கு அதில் அபராதம் இல்லை. இப்படி ஒருபக்கம் மட்டும் எடை வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வழக்குரைஞர் தேவையில்லை. இந்த வகைச் சட்டத்தில், தணிக்கை செய்த பழி நிறுவனத்துக்கும் தணிக்கையின் பயன் அரசுக்கும் போய்ச் சேருகிறது. அரசு தானே ஆணையிட்டால் அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம்; அரசின் முகக்குறிப்பைப் பார்த்து நிறுவனமாக நீக்கினால் எதை எதிர்த்துப் போவது? என்னைப் பொறுத்தவரை, எழுத்தாணியின் ஏழு நாளைவிடவும் அஞ்சத்தக்கது இதுதான்.

பிற்பாடு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ம (டிஜிட்டல்) சேவைகள் சட்டம் வேறு வழியில் போகிறது. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அச்சட்டம், எதை நீக்கலாம் என்று பட்டியல் போடுவதைவிட எப்படி நீக்க வேண்டும் என்பதில் கவனம் வைக்கிறது. நீக்கினால் எந்த விதியின்கீழ், எந்த உண்மையின் அடிப்படையில், கணினி முடிவுசெய்ததா என்பதையெல்லாம் குறிப்பிட்டுக் காரணம் எழுதித் தர வேண்டும். முறையீட்டை முற்றிலும் இயந்திரத்திடம் விடக் கூடாது. அதிலும் நிறைவில்லையென்றால், தளத்துக்கு வெளியே சான்றளிக்கப்பட்ட தீர்வு அமைப்பிடம் போகலாம். 4.5 கோடி ஐரோப்பியப் பயனர்களைக் கொண்ட மிகப் பெரிய தளங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. மீறினால் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 6 விழுக்காடு வரை அபராதம்.

காரணம் சொல்லும் கடமை எளிய சடங்கு என்று எண்ண வேண்டாம். 2021 ஜனவரியில் டிரம்ப்பின் கணக்கை ஃபேஸ்புக் காலவரையின்றி முடக்கியபோது, முடக்கியது சரி, ஆனால் "காலவரையின்றி" என்ற தண்டனை உங்கள் விதிப்புத்தகத்திலேயே இல்லையே என்று அதன் சொந்த மேற்பார்வை வாரியமே அவ்வாண்டு மே மாதம் கேட்டது. ஆறு மாத அவகாசத்தில் விதியை ஒட்டி முடிவெடுக்கச் சொன்னது. நிறுவனம் இரண்டாண்டு என்று வரையறுத்தது. அந்த மனிதரை நமக்குப் பிடிக்கிறதா என்பது வேறு பேச்சு.

#9 எழுத்தாணி

நிறுவனங்கள் கைவைக்கவே கூடாது என்ற என் முதல் நிலையை விட்டுவிடுகிறேன். இருநூறு பின்னூட்டங்களைப் பற்றி முகிலினி எழுதியதைப் படித்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பிடிவாதமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் கேட்கும் அளவுக்கும் என்னால் போக முடியவில்லை. குவியலைப் பார்க்கும் கண்ணை நிறுவனத்திடம் கொடுத்தால், நாளை அநியாயம் செய்த ஒரு பெரிய மனிதரை ஆயிரம் பேர் கேள்வி கேட்கும்போதும் அந்தக் கண்ணுக்கு அது குவியலாகத்தான் தெரியும். ஆகவே குவியலைத் தடுக்கும் கதவு பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கட்டும். இன்றிரவு எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும் பின்னூட்டமிடலாம் என்று அவர் ஒரே அழுத்தில் சொல்ல முடிய வேண்டும். நீக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கும் இடங்களில், நெறிமுறை சொன்னபடி, காரணமும் மனிதப் பரிசீலனையும் கட்டாயமாக இருக்கட்டும். பொய்ச் செய்தியைப் பொறுத்தவரை, வழக்கமாக ஒத்துப்போகாதவர்களும் ஒப்புக்கொண்டால் மட்டும் பதிவின் கீழ் குறிப்புச் சேர்க்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2025 ஜனவரியில் அமெரிக்காவில் உண்மை சரிபார்ப்பவர்களை விட்டுவிட்டு அதற்கு மாறுவதாக அறிவித்தது. குறிப்பு வந்து சேர்வதற்குள் பொய் ஊர் சுற்றிவிடும் என்பதும் தெரிந்ததே.

இன்னொரு செய்தி. குறைதீர் அலுவலருக்கு நான் எழுதிய மடலுக்குப் பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: "உங்கள் பின்னூட்டம் மீட்கப்பட்டுள்ளது." ஏன் நீக்கினார்கள், ஏன் மீட்டார்கள் என்று ஒரு வரியும் இல்லை. "கொன்னுட்டான்யா" இப்போது பழைய இடத்தில் இருக்கிறது. பாடகர் அதற்கு ஓர் இதயக்குறியும் இட்டிருக்கிறார். அந்த நான்கு நிமிடத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் இத்தனையும் நேர்ந்திராது என்றே இன்னமும் நம்புகிறேன்.

#10 விழித்திரு

இவ்வளவு நாட்களாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுத்தாணி அவர்களின் கடைசி வரிக்காக எழுத வேண்டியதாயிற்று.

ஒரு தளத்துக்காகத் தமிழ்ப் பதிவுகளைப் பரிசீலிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் பதினான்கு மாதங்கள், பெரும்பாலும் இரவுப்பணியில் இருந்தேன். இந்த வேலை மனத்தை என்ன செய்யும் என்பதைப் பற்றி எழுதப் போவதில்லை. அமெரிக்காவில் இதே வேலையைச் செய்தவர்கள் தொடுத்த வழக்கில் 2020இல் ஃபேஸ்புக் 5.2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது என்பதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது திரையைப் பற்றி.

எங்கள் திரையின் நடுவில் பின்னூட்டம் மட்டும் வரும். அது எந்தக் காணொளிக்குக் கீழே எழுதப்பட்டது என்பது வராது. அதைப் பார்க்க ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் சுழன்று சுழன்று திறக்கும். அதற்குள் கீழே ஓடும் கடிகாரம் மஞ்சளாகிவிடும். மஞ்சள் அதிகமானால் மாத இறுதியில் பெயர் பட்டியலில் வரும். ஆகவே முதல் வாரத்துக்குப் பிறகு அந்தப் பொத்தானை எவரும் தொடுவதில்லை. வலப்பக்கத்தில் விதிகள், ஆங்கிலத்தில். கொல், வெட்டு, போட்டுத்தள்ளு என்று சொற்பட்டியல். அவற்றுக்கு நேரே, மிரட்டலா, தூண்டுதலா, நடந்த வன்முறையைப் போற்றுதலா என்று கட்டங்கள்.

பணியில் சேர்ந்த புதிதில், "செமயா கொன்னுட்டான்" என்ற பின்னூட்டம் எனக்கு வந்தது. எழுத்தாணி சொன்னபடியே சிரித்துவிட்டு, அனுமதி என்று அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். இரண்டு நாள் கழித்து, எங்கள் முடிவுகளைச் சரிபார்க்கும் தணிக்கையாளர் அழைத்தார். அந்தப் பின்னூட்டத்துக்கு மேலே இருந்தது பாட்டு அல்ல. ஒருவரை நடுத்தெருவில் ஓட ஓட வெட்டிய காணொளி. எழுதியவர் வெட்டியவனைத்தான் பாராட்டியிருந்தார். என் பெயருக்கு நேரே பெரும்பிழை என்று பதிவாயிற்று.

அதன் பிறகு அந்தச் சொல் எப்போது வந்தாலும் நீக்கு என்றே அழுத்தினேன். நல்ல பின்னூட்டத்தை நீக்கியதற்காக என்னை எவரும் அழைத்ததில்லை. முறையீடுகளும் எங்களிடமேதான் வரும், அதே திரையில், அதே கடிகாரத்தோடு. உங்களுக்கு நான்கு நிமிடங்களில் பதில் வந்தது என்றீர்கள். வரிசையில் காத்திருந்த நேரத்தைக் கழித்துவிட்டால், அதைப் படித்தவருக்கு அரை நிமிடம் கிடைத்திருக்கும். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருக்கும்.